இதில் நீங்கள் செய்தது எது?

டிசைனர்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். அவர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்து அனுப்புவதுதான் போர்ட்ஃபோலியோ. திறமை போதவில்லை என்று தள்ளிவைக்கும் போர்ட்ஃபோலியோக்களைவிட, இவர் இதில் என்னதான் செய்தார் என்று புரியாமல் தள்ளிவைப்பவைதான் அதிகம்.

பளிச்சென்று ஒரு மொபைல் ஆப்பின் திரைகள் இருக்கும், கீழே 'பேங்கிங் ஆப், 2023' என்று ஒரே வரி. ஐகான்கள் நீங்கள் வரைந்தவையா, விலைக்கு வாங்கியவையா, தனியாகச் செய்தீர்களா, குழுவாகவா, ஒன்றும் தெரியாது. அதே படத்தின் கீழே 'மூன்று பேர் குழு. பணம் அனுப்பும் பகுதி என்னுடையது. யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் பலர் குழம்பியதால் இரண்டு திரைகளை ஒன்றாக்கினேன். ஐகான்கள் இன்னொருவர் வரைந்தவை' என்று எழுதிப் பாருங்கள். இன்டர்வியூவில் எதைப் பற்றிப் பேசலாம் என்பது அங்கேயே கிடைத்துவிடும். அடுத்தவர் பங்கைச் சொன்னால் நம் மதிப்பு இறங்கிவிடுமோ என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். ஐகான் வரைந்தவரும் அதே வேலையைத் தன் போர்ட்ஃபோலியோவில் வைத்திருப்பார், இரண்டும் ஒரே மேஜைக்கு வரவும் செய்யும், அப்போது மழுப்பியவர் யார் என்று தெரிந்துவிடும்.

போர்ட்ஃபோலியோவில் வேலைகளின் எண்ணிக்கை எட்டு, பத்து இருந்தால் தாராளம். சுமாரான ஒன்றை 'இதுவும் இருக்கட்டுமே' என்று சேர்த்தால் பார்ப்பவர் கண் அதில்தான் போய் நிற்கும். விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமானதை முதலில் வையுங்கள், லோகோ வேலைக்கு வந்தவர் ஆறு பக்கம் கல்யாணப் போட்டோ காட்டினால் அதற்குள் பொறுமை போய்விடும்.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வேலையை 'உங்களுக்கு மட்டும்' என்று பாஸ்வேர்டு போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. பாஸ்வேர்டு போட்டாலும், எழுத்தில் அனுமதி வாங்காதவரை அது மீறல்தான். அதைவிட, நாளைக்கு எங்கள் வேலையையும் இவர் இப்படித்தானே வெளியே காட்டுவார் என்ற எண்ணம் வந்துவிடும். என்ன பிரச்சினை, எப்படி அணுகினீர்கள் என்று பெயர் சொல்லாமல், அதுவும் ஒப்பந்தம் இடம் தரும் அளவுக்கு மட்டும், வாயால் சொன்னாலே போதும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள், ஆனால் ஆளைக் கவிழ்ப்பவை. கூகுள் டிரைவ் லிங்க்கைத் திறந்தால் 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அனுப்பும் முன் இன்காக்னிட்டோவில், அதாவது உங்கள் கணக்கில் நுழையாத பிரவுசர் ஜன்னலில், ஒருமுறை திறந்து பாருங்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பிதான் வரம்பு, உங்கள் பிடிஎஃப் பத்து எம்பிக்குள் இருந்தால் நல்லது. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் செய்த கோப்பை அப்படியே அனுப்பினால் திரையில் நிறம் மங்கியோ மாறியோ தெரியலாம், திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறமுறைக்கு மாற்றுங்கள். கோப்பின் பெயர் 'ஃபைனல் நியூ 2' என்றில்லாமல் உங்கள் பெயராக இருக்கட்டும், இப்படி நாலு 'ஃபைனல்' என் டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கின்றன, எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

இன்னும் வாடிக்கையாளர் வேலையே செய்ததில்லையா? சரி, நீங்களாகவே எடுத்துச் செய்த பயிற்சி வேலையை வையுங்கள், பயிற்சி என்று எழுதியே வையுங்கள். பிரபல பிராண்டின் லோகோவை ஒட்டி, அவர்களே கொடுத்த வேலை மாதிரி காட்டினால் ஒரு தேடலில் குட்டு உடைந்துவிடும்.