பஞ்சுக்குச்சியை எடுப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய கிளினிக். காத்திருந்த பெண்களிடம் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தோம். பிறப்புறுப்பின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒருமுறை தடவி எடுப்பதுதான் பரிசோதனை, வலி இருக்காது. ஆனாலும் பெரும்பாலோர் கையெழுத்துப் போடாமலே படிவத்தைத் திருப்பித் தந்தார்கள்.

அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மூத்த செவிலியர் அதை வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். 'உடலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறோம்' என்பதை அப்பகுதி மக்கள் பேசும் ஜூலு மொழியில் பெயர்த்தபோது 'இக்சிவானே' என்ற சொல்லின் பன்மை விழுந்திருந்தது. அதற்குக் கிருமி என்று பொருள். எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேசும்போதும் அதே சொல்தான் வரும். "உன் உடம்பில் அந்தக் கிருமி இருக்கிறது, பார்க்க வந்திருக்கிறோம் என்றுதான் இவர்களுக்குக் கேட்கிறது, டாக்டர்" என்றார். எங்கள் குழுவில் அத்தனை முனைவர்கள் இருந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

பெண் பிறப்புறுப்பில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய இந்த ஆய்வை ஒரு துறை தனியாகச் செய்ய முடியாது என்பதற்கு டர்பனிலேயே பெரிய சான்று உண்டு. குவாஜூலு-நட்டால் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கும் காப்ரிசா ஆய்வு மையம், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்து கலந்து பிறப்புறுப்பில் இடும் களிம்பை 889 பெண்களிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டது. எச்.ஐ.வி. தொற்று 39 விழுக்காடு குறைந்திருந்தது. சிலரைக் காத்த களிம்பு மற்றவர்களை ஏன் காக்கவில்லை? விடையின் ஒரு பகுதி 2017இல் கிடைத்தது. லாக்டோபேசில்லஸ் என்ற, பிறப்புறுப்பைக் காக்கும் பாக்டீரியா மிகுந்திருந்த பெண்களிடம் களிம்பின் பலன் 61 விழுக்காடு. மற்றவர்களிடம் வெறும் 18. கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியா அந்த மருந்தையே சிதைத்துவிடுகிறது. மருத்துவர்கள் சேமித்து வைத்த மாதிரிகளைப் புரத ஆய்வாளர்களும் நுண்ணுயிரியலாளர்களும் சேர்ந்து பார்த்ததால்தான் இது தெரிந்தது.

இனி எங்கள் தவறு ஒன்று. நோய் அறிகுறி உள்ளவர்களின் மாதிரிகள் முதலில் வந்து சேர்ந்தன; அவற்றிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து முடித்தோம். அறிகுறி இல்லாதவர்களின் மாதிரிகள் நான்கு மாதம் கழித்து வந்தன. அதற்குள் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் வேதிப்பொருள் தொகுப்பான கிட் மாறிவிட்டது. இரு குழுக்களுக்கும் இடையே பளிச்சென்று வேறுபாடு தெரிந்தது, மகிழ்ந்து போனோம். கடைசியில் அழைக்கப்பட்ட புள்ளியியல் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் குழாயை என்றைக்குத் திறந்தீர்கள்?" பார்த்தால், நாங்கள் கண்ட வேறுபாடு பெண்களின் உடலில் உள்ளதா, கிட்டில் உள்ளதா என்று பிரித்துச் சொல்லவே வழியில்லை. ஓராண்டு உழைப்பு வீணானது. அவரை முதல் வாரமே அழைத்திருந்தால் இரு குழுக்களின் மாதிரிகளையும் கலந்து அடுக்கச் சொல்லியிருப்பார். அதற்கு ஒரு காசு செலவில்லை.

மானிடவியலாளரைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் கோபமே வருகிறது. 'உட்புறம் கழுவுவீர்களா?' என்று எங்கள் படிவம் கேட்டது. எல்லோரும் 'இல்லை' என்றார்கள். எங்கள் மானிடவியலாளர் ஒரு மதியம் முழுக்க அவர்களோடு உட்கார்ந்து பேசினார். யார் சோப்பு, யார் உப்பு நீர், எந்த நாளில், யார் சொல்லி என்று எல்லாம் வெளியே வந்தது. பாக்டீரியாக்களின் விகிதத்தையே புரட்டிப்போடக்கூடிய பழக்கங்கள் இவை. அது தெரியாமல் எவ்வளவு விலையுயர்ந்த டிஎன்ஏ வரிசையாக்கம் செய்து என்ன பயன்?

மின்வெட்டு நாட்களில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியைக் காத்துநின்ற தொழில்நுட்பரையும் சொல்லியாக வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பும்வரை பெட்டிக் கதவை யாரையும் திறக்க விடமாட்டார். ஆய்வுக்கட்டுரைகளில் அவருக்கு நன்றி நவிலல் பகுதியில் ஒரு வரி கிடைத்தால் உண்டு.

ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கருவிகளின் பட்டியலைக் கேட்கிறார்கள். நிதி விண்ணப்பம் எழுதும் நாளிலேயே செவிலியரையும் புள்ளியியலாளரையும் அழைத்தீர்களா, அவர்கள் நேரத்துக்கு விண்ணப்பத்தில் சம்பளம் ஒதுக்கினீர்களா, கட்டுரையில் யார் பெயர் வரும் என்று எழுத்தில் வைத்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போவதானால், அவற்றோடு எங்கள் மாணவர் ஒருவரும் போய்ப் பகுப்பாய்வைக் கற்றுத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்கிறேன்.

அந்தப் படிவத்தை அந்தச் செவிலியரே திருத்தினார். 'இக்சிவானே' போனது. 'உடலுக்குள் குடியிருந்து அதைக் காக்கும் மிகச் சிறிய உயிர்கள்' என்று நீளமாக, தன் பேச்சு மொழியில் எழுதினார். அடுத்த வாரம் முதலில் கையெழுத்திட்ட பெண், "காக்கும் உயிர்கள் எனக்குக் குறைவாக இருந்தால் சொல்வீர்களா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் அன்று பதில் தயாராக இல்லை. முடிவுகளைப் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பேசத்தான் அடுத்த கூட்டத்தைக் கிளினிக்கிலேயே வைத்தோம்.