காலை நாலரை மணி ஷிப்டும் இரவு வேலைதான்

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், எங்கள் தெரு அக்கா ஒருவர் பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார். சூப்பர் மார்க்கெட்டில் லோடு இறக்கி ரேக்கில் அடுக்குகிற வேலை. காலை நாலரைக்கு உள்ளே போனால் பகல் இரண்டரைக்கு வெளியே. அந்தப் பனியில் பால் டிரே தூக்கித் தூக்கி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. கவரில், வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கிய தாள்களின் நகல். ஆறாவது தாளில் ஒரே வரி: இரவு நேரத்தில் பணிபுரிய முழு மனதுடன் சம்மதிக்கிறேன். அடுத்த தாள், தேதி போடாத ராஜினாமா கடிதம்.

"எனக்கு நைட் ஷிப்டே கிடையாதே தம்பி, காலை ஷிப்ட்தானே. இதை எதுக்கு வாங்கினாங்க?" என்று கேட்டார்.

கடைக்காரருக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெண்களைப் பொறுத்தவரை இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை இரவு வேலைக் கணக்கு. நாலரைக்கு ஷட்டர் தூக்கினால் அதுவும் அதில்தான் வரும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கடைகளில் "மார்னிங் ஷிப்ட்" என்ற பெயரில் விடியுமுன் வேலை செய்கிற எத்தனையோ பெண்கள், அதனால்தான் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பதே இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கானது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. 2022-இல் நீட்டித்தார்கள். 2025 ஜூன் 5 முதல் மறுபடி மூன்று ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். முதலாளிகள் இந்த ஆணையில் "24 மணி நேரம்" என்பதை மட்டும் படிக்கிறார்கள். அதற்குக் கீழே நிபந்தனைகள் இருக்கின்றன. நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம், வாரம் 48. ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 57 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வாரம் ஒருநாள் லீவு, யாருக்கு எந்த நாள் என்று கடையில் ஒட்டியிருக்க வேண்டும். பெண்களை எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் இரவு 8-க்கு மேல் வேலை வாங்கக்கூடாது. சம்மதம் வாங்கினாலும் பாதுகாப்பு கடையின் பொறுப்பு. ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து தந்து, அதைக் கடை வாசலில் அறிவிப்பாக வைக்க வேண்டும்.

வாசலில் அப்படி ஓர் அறிவிப்பை நீங்கள் பார்த்ததுண்டா? பல கடைகளில் தேடிவிட்டேன். ஒன்றில்கூட என் கண்ணில் படவில்லை.

போக்குவரத்துக்குப் பதிலாகக் கையில் ஐம்பது ரூபாய் தருகிறார்கள். அதிகாலை நாலு மணிக்கு இந்த மலையில் எந்த ஆட்டோ வரும்? பஸ் ஏது? வேன் வைத்திருக்கிற கடையும் மெயின் ரோட்டோடு நிறுத்திவிடுகிறது. லைன் வீட்டிலிருந்து (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) ரோட்டுக்கு வர, தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. போன் டார்ச் வெளிச்சத்தில் பாறை என்று நினைத்தது எழுந்து நின்றால் காட்டெருமை. கோத்தகிரிப் பக்கம் கரடி. இதையெல்லாம் மனுவில் எழுதுங்கள். "போக்குவரத்து வசதி இல்லை" என்று மொட்டையாக எழுதாமல், வீடு எங்கே, வேன் எங்கே நிற்கிறது, நடுவில் எத்தனை நிமிட இருட்டு நடை என்று எழுதினால்தான் படிக்கிறவருக்கு உறைக்கும்.

அடுத்து, உங்களை இந்தக் கணக்கிலிருந்தே வெளியே தள்ளும் தந்திரங்கள்.

முதலாவது ஆள் கணக்கு. "எங்க ரோல்ல எட்டுப் பேர்தான், மத்தவங்க ஏஜென்சி" என்பார்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருந்தாலும், அந்தக் கடை வியாபாரத்துக்காக அங்கே வேலை பார்க்கிறவர் அந்தக் கடை ஊழியர்தான். கையெழுத்துப் போடும் நோட்டில் எத்தனை பேர் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே பத்துப் பேருக்குக் குறைவு என்றால், அந்தக் கடைக்கு இந்த 24 மணி நேர அனுமதியே பொருந்தாது. எட்டுப் பேர் என்று சொல்லிக்கொண்டே விடிய விடியக் கடை நடத்துகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே ஆள் கணக்கு கூடிவிடும்.

இரண்டாவது பதவி உயர்வு. சம்பளம் ஏறாது, சட்டையில் "ஃப்ளோர் மேனேஜர்" என்று பேட்ஜ் மட்டும் வரும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கேர்டேக்கர் வேலைக்கும் இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதற்காகத்தான் அந்த பேட்ஜ். நீங்கள் ஆளை வேலைக்கு எடுக்கிறீர்களா, லீவு கொடுக்கிறீர்களா, அல்லது மூட்டை தூக்கி அடுக்குகிறீர்களா என்பதை வைத்துத்தான் முடிவாகும். தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நாலு வரி எழுதி வையுங்கள்.

மூன்றாவது ஆறு மாதம். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக்கூடாது. நோட்டீஸ் இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். இது பிரிவு 41. ஸ்டாக் குறைகிறது, நீதான் எடுத்தாய் என்றாலும் விசாரணை வைத்து நிரூபிக்க வேண்டும். ஆகவே ஐந்தாவது மாதம் "சீசன் முடிஞ்சுது, பத்து நாள் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் புதிதாகச் சேர்ந்ததுபோல எழுதிக்கொள்வார்கள். புது ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்டால் பழைய சேர்ந்த தேதியை அதிலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். தேதியில்லாத ராஜினாமாவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், வேலையில் இருக்கும்போதே, "என்னிடம் இப்படி ஒரு கடிதம் வாங்கப்பட்டுள்ளது, நான் ராஜினாமா செய்யவில்லை" என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். நிறுத்திய பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிறுத்திவிட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நான் பார்த்தவரை மக்கள் அதிகம் தோற்பது இங்கேதான். "முதலாளிகிட்ட பேசிட்டு இருக்கேன், அடுத்த வாரம் கூப்பிடறோம்" என்று மேனேஜர் இழுத்துக்கொண்டே இருப்பார். நாமும் அவருக்கு ஏன் கோபம் வரவைக்க வேண்டும் என்று இருப்போம். முப்பத்தோராவது நாள் அவர் போனை எடுக்க மாட்டார். பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும், மனுவைப் போட்டுவிடுங்கள்.

ஓடி கணக்கு நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு இரட்டைக் கூலி. தினக்கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60, ஓடிக்கு 120. அந்த அக்கா கடையில் இருந்தது பத்து மணி நேரம். டிபனுக்கு அரை மணி போனால் ஒன்பதரை. தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதல். 26 நாளுக்கு 39 மணி நேரம், 4,680 ரூபாய். மாதா மாதம்! அவருக்குக் கிடைத்தது ஓடி நாளில் ஒரு டீயும் பன்னும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும் என்பதும், 2021 திருத்தத்துக்குப் பிறகு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதும் தனிக்கதை.

மலைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நான்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. பண்டிகை நாள் ஐந்து தனி. இங்கே அந்த நாலு நாளிலும் டூரிஸ்ட் கூட்டம், கடையில் லீவே கிடையாது. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் மாற்று விடுமுறையும் தர வேண்டும். மே 1 சீசன் உச்சம் என்பது கடையின் சௌகரியம்.

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தால் உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம். பிடிக்கிறார்கள் என்றால் இன்சூரன்ஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். விடியற்காலை ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இனி அலுவலகம். புகார் மனுவுக்கு, நீலகிரிக்குக் குன்னூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), கொடைக்கானலுக்குத் திண்டுக்கல்லில். வேலையை விட்டு நிறுத்தியதற்கான மேல்முறையீட்டை எந்த அதிகாரியிடம் தர வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் மனு கடைசியில் தொழிலாளர் துறைக்குத்தான் வரும். நடுவில் உங்கள் முப்பது நாளில் பத்து நாள் கரைந்துவிடும். போலீஸ் ஸ்டேஷனில் ஓடி பாக்கி பற்றிச் சொன்னால், "இது எங்க வேலை இல்லைம்மா" என்பார்கள். அது சரிதான். மிரட்டல், தொந்தரவு என்றால் மட்டும் அங்கே போங்கள்.

எந்த அரசு அலுவலகத்திலும் கவுண்டரில் முதல் கேள்வி "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்கே?" என்பதுதான். ஆர்டர் கொடுக்காத கடையைப் பற்றிப் புகார் சொல்ல ஆர்டரோடு வரச் சொல்வது என்ன நியாயம்? கூடலூரிலிருந்து ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருகிறவரை இந்த ஒரு கேள்வியில் திருப்பி அனுப்பிவிடலாம். திரும்பாதீர்கள். மனு இரண்டு நகல், ஒன்றில் தேதியோடு சீல். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், பக்கத்துத் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் சத்தமில்லை என்றால், என் மனு மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். அரசின் புகார் எண் 1100-இலும் பதியலாம்.

ஆர்டர் இல்லாதவருக்கு ஆதாரம் போனிலேயே இருக்கிறது. "நாளைக்கு 4.15க்கு லோடு, எல்லாரும் வந்துடுங்க" என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாரே, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள். வேலையை விட்டு நிறுத்தும் முன் முதலில் குரூப்பிலிருந்துதான் நீக்குவார்கள். சமையலறைக் காலண்டரில் தினமும் உள்ளே போன மணி, வெளியே வந்த மணி எழுதுங்கள். சம்பளம் கையில் வந்தால் அதையும்.

மனுவில் மறக்காமல் நேரத்தைக் குறிப்பிடுங்கள். ஆய்வுக்குப் பகல் பதினொரு மணிக்கு வந்தால் எல்லாரும் சீருடையில், நோட்டில் எல்லாம் எட்டு மணி நேரம், வரிசையாக ஒரே பேனாவில். "காலை 4.30 முதல் 5.30-க்குள் வந்து பார்க்க வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். மூன்று நாலு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருவரை மட்டும் பிடித்து வெளியே அனுப்புவது கடினம்.

அந்த அக்காவும் இன்னும் இரண்டு பேரும் ஜனவரியில் அப்படித்தான் எழுதினார்கள். இப்போது வேன் லைன் வீடு வரை வருகிறது. ஓடி பாக்கி இன்னும் வரவில்லை. காலண்டரில் எழுதிய ஏழு மாதக் கணக்கைக் கூட்டி, இரண்டாவது மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.