டிபேட் பார்ட்டியில் குடி விளையாட்டு: விதிகளை எழுதும் முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் விவாதம் நெருங்கினால் போதும், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பேச்சுகள் கிளம்பிவிடும். யார் வீட்டில் கூடுவது என்பது ஒன்று, டிரிங்கிங் கேமுக்கு என்ன விதிகள் என்பது இன்னொன்று. வேட்பாளர் 'எல்லை' என்றால் ஒரு மடக்கு, எதிராளி பேசும்போது குறுக்கிட்டால் இரண்டு மடக்கு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால் கிளாஸைக் காலி செய்ய வேண்டும். இப்படி ஒரு பட்டியலை யாராவது போட்டுவிடுவார்கள். இங்கே நம் தமிழ் நண்பர்களின் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன்.

நான் எமர்ஜென்சி பிரிவில் வேலை செய்யும் மருத்துவர். விவாதம் பார்க்கக் கூடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நாலு பேர் சேர்ந்து அரசியலைப் பார்ப்பது நல்ல விஷயம். விளையாட்டை எப்படி அமைப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சாதாரணமாகக் குடிக்கிறவர் அடுத்த மடக்கு எப்போது என்பதைத் தானே முடிவு செய்கிறார். தலை லேசாகக் கிறுகிறுத்தால் கிளாஸைக் கீழே வைப்பார். பேச்சு சூடுபிடித்தால் கிளாஸையே மறந்துவிடுவார். விளையாட்டு என்று வந்துவிட்டால் அந்த முடிவு டிவியில் பேசிக்கொண்டிருப்பவரின் கைக்குப் போய்விடுகிறது. அவர் எத்தனை முறை என்ன சொல்வார் என்பது யாருக்குத் தெரியும்?

2020 செப்டம்பர் 29 அன்று கிளீவ்லேண்டில் நடந்த டிரம்ப்–பைடன் முதல் விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மற்றவர் பேசினார். நடுவர் கிறிஸ் வாலஸ் திரும்பத் திரும்பத் தடுத்தும் நிற்கவில்லை. 'குறுக்கிட்டால் ஒரு மடக்கு' என்ற விதியோடு உட்கார்ந்திருந்தவர்களால் அன்று கிளாஸைக் கீழே வைத்திருக்கவே முடியாது. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் அதே இருவர் மோதியபோது, ஒருவர் பேசும் நேரத்தில் மற்றவரின் மைக் அணைக்கப்பட்டிருந்தது. அங்கே அதே விதிக்கு அவ்வளவாக வேலை இருந்திருக்காது. ஒரே பட்டியல், ஒரே ஆட்கள். குடிக்கும் அளவு மட்டும் எங்கேயோ இருக்கும் ஒரு மைக் பொத்தானைப் பொறுத்து மாறுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். விவாதங்கள் பொதுவாக 90 நிமிடம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்' அளவைத்தான் எரிக்கும். அமெரிக்கக் கணக்கில் அது 14 கிராம் சுத்த ஆல்கஹால். அதாவது 5 சதவீத பீர் ஒரு கேன் (355 மில்லி), அல்லது 12 சதவீத ஒயின் 148 மில்லி, அல்லது 40 சதவீத விஸ்கி 44 மில்லி. ஆக, விவாதம் முடியும்போது உடல் ஒன்றரை டிரிங்குக்குத்தான் கணக்குத் தீர்த்திருக்கும்.

ஒரு மடக்கு என்பதை 30 மில்லி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பட்டியலில் உள்ள வார்த்தைகளெல்லாம் சேர்ந்து 90 நிமிடத்தில் 40 முறை வந்ததாகவும் வைத்துக்கொள்வோம். 'பொருளாதாரம்', 'வரி', 'வேலைவாய்ப்பு' போன்ற வார்த்தைகளைப் போட்டால் 40 என்பது பெரிய எண்ணே இல்லை. மொத்தம் 1,200 மில்லி. சாதாரண பீர் என்றால் மூன்றரை கேனுக்குக் கொஞ்சம் குறைவு. 7 சதவீத ஐபிஏ வகை பீர் என்றால் அதே 1,200 மில்லியில் கிட்டத்தட்ட ஐந்து டிரிங்க் இருக்கிறது. ஒயின் என்றால் எட்டு டிரிங்க், ஒன்றரை பாட்டிலுக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் 90 நிமிடத்தில் அதைக் குடித்தால் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடும். சுயநினைவு போய், மூச்சே தடுமாறக்கூடிய அளவு அது. அதே மேஜையில், அதே விதிப்படி சாதாரண பீர் குடித்த 80 கிலோ கணவருக்குக் கொஞ்சம் போதை, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில்தான் 'மடக்கினார்கள்'.

இதில் நம் ஆட்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் பழகிய கை, 'லார்ஜ்' என்றால் 60 மில்லி ஊற்றும். அது ஒரே டிரிங்க் என்றுதான் மனதில் பதிவாகும். இங்கத்திய கணக்கில் அது ஒன்றேகாலுக்கும் மேல். அளவுக் கோப்பை இல்லாமல் கண்ணால் பார்த்து ஊற்றினால் இன்னும் கூடும். "மூணு பெக்தான் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், நான் மனதுக்குள் நாலு, நாலரை என்று குறித்துக்கொள்வேன். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருடைய அளவுகோல் வேறு.

அடுத்தது நேரம். விவாதம் பெரும்பாலும் வேலை நாளில், கிழக்குக் கடற்கரை நேரப்படி இரவு 9 மணிக்குத் தொடங்கும். கலிஃபோர்னியாவில் அப்போது மாலை 6 மணி. அங்கே ஆபீஸிலிருந்து நேராக, மதியம் சாப்பிட்டதோடு வருவார்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ஏறும். கிழக்கில் 10.30-க்கு முடிந்ததும் மறுநாள் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று எல்லோரும் உடனே கிளம்பப் பார்ப்பார்கள். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். வாசலில் செருப்பைப் போடும்போது "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவர், நெடுஞ்சாலையில் ஏறும்போது வேறு ஆள்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதை நெருங்கும் வயது, நல்ல வேலை, தினமும் குடிக்கிற பழக்கம் கிடையாது. விவாதம் முடிவதற்கு முன்பே சோபாவில் சாய்ந்துவிட்டார். நண்பர்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் கெஸ்ட் ரூமில் மல்லாக்கப் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுப்பப் போன மனைவிதான் குறட்டை வித்தியாசமாக இருப்பதைக் கவனித்தார். நடு நடுவே நின்று நின்று வந்தது. எங்களிடம் வந்தபோது தோள் எலும்புக்கு மேல் அழுத்திக் கிள்ளியும் முனகல் மட்டும்தான். கன்னத்தில் வாந்தி காய்ந்திருந்தது, சட்டைக் காலர் ஈரம். "தூங்குறாருன்னுதான் நினைச்சோம் டாக்டர்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

குடித்தவர் வாந்தி எடுப்பதைவிட, வாந்தி வரும்போது இருமித் தள்ள முடியாமல் கிடப்பதுதான் எனக்குப் பயம். ஆல்கஹால் அந்த இருமலையும், தொண்டை தானாக எதிர்த்துத் தள்ளும் அனிச்சைச் செயலையும் மந்தமாக்கிவிடும். மல்லாக்கப் படுத்திருந்தால் வாந்தி நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்.

"வயித்தைக் கழுவிடுங்களேன்" என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். ஆல்கஹால் வயிற்றில் அதிக நேரம் தங்குவதில்லை, அதனால் கழுவிப் பயன் இல்லை. கரித்தூள் கொடுத்தாலும் அது ஆல்கஹாலைப் பிடித்து வைக்காது. முறிப்பதற்கு மருந்தும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைப்போம், மூச்சையும் ஆக்ஸிஜனையும் கண்காணிப்போம், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம், விழுந்திருந்தால் தலைக்கு ஸ்கேன் எடுப்போம், தேவைப்பட்டால் குழாய் போட்டு மூச்சு கொடுப்போம். மற்றபடி கல்லீரல் தன் வேகத்தில் வேலையை முடிக்கும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம். அந்த நோயாளி ஓரிரு நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். நுரையீரலில் தொற்று வராதது நல்ல காலம்.

இதெல்லாம் கல்லூரிப் பையன்களின் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2010 முதல் 2012 வரையிலான மரணங்களை வைத்து அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் ஆல்கஹால் நஞ்சேற்றத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 2,200 பேர் இறந்தார்கள், ஒரு நாளைக்கு ஆறு பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் 35-க்கும் 64-க்கும் இடைப்பட்ட வயதினர். டிபேட் பார்ட்டி நடத்துகிற வயது அது.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். என் வீட்டில் நாங்கள் பிங்கோ விளையாடுகிறோம். ஆளுக்கொரு அட்டை, கட்டங்களில் வார்த்தைகள், சொன்னதும் அடிக்க வேண்டும். கூச்சலும் சிரிப்பும் ஒன்றும் குறைவதில்லை. யாரும் எதிர்பார்க்காத வார்த்தையை முன்கூட்டியே கணித்து எழுதினவருக்குத் தனிப் பரிசு வைக்கலாம். 2012-இல் டென்வர் விவாதத்தில் வேட்பாளர் மிட் ராம்னி, குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் 'பிக் பேர்ட்' என்ற பறவைப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவார் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அன்று அவர்தான் ராஜா. குடிக்கிறவர்கள் பக்கத்தில் அவரவர் வேகத்தில் குடிக்கட்டும். விளையாட்டுக்கும் கிளாஸுக்கும் உள்ள கயிற்றை அறுத்துவிட்டால் போதும், என் கவலை முக்கால்வாசி தீர்ந்தது.

குடி விளையாட்டாகவே வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒவ்வொருவருக்கும் இரவு முழுவதற்குமான அளவை முதலிலேயே ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். அது தீர்ந்ததும் சோடாவோ மோரோ வைத்து விளையாடட்டும். ஷாட், 'காலி செய்' என்ற விதிகள் வேண்டவே வேண்டாம். சிப்ஸ் மட்டும் வைக்காமல் விவாதத்துக்கு முன்பே சாப்பாடு போடுங்கள். எனர்ஜி டிரிங்க் கலக்காதீர்கள், போதை குறையாது, போதை ஏறுவது தெரியாமல் போகும், அவ்வளவுதான். குடிக்காதவரை ஏன் என்று கேட்காதீர்கள். அவர் தூக்க மாத்திரை, வலிக்கான ஓபியாய்டு, பதற்றத்துக்கான மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை என்று எதையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், ராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்கலாம். பார்க்கிறவர்களுக்கு அதுவும் போதைத் தூக்கம் போலவே தெரியும்.

கார் சாவி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பெரும்பாலான மாநிலங்களில் காரோட்டுபவரின் ரத்த ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05. இரவு 11 மணிக்கு ஒருவருக்கு 0.20 இருந்தால், மணிக்கு 0.015 வீதம் குறைந்து, காலை 7 மணிக்கும் 0.08-இல் நிற்கும். அதாவது தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்து, பிள்ளையைப் பள்ளியில் விடக் காரை எடுக்கும்போதும் அவர் சட்டப்படி போதையில்தான் இருக்கிறார். காபியோ குளியலோ ஆல்கஹாலை ஒரு துளிகூட வேகமாக எரிக்காது.

விருந்து கொடுக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. நியூ ஜெர்சியில் 1984-இல் வந்த கெல்லி எதிர் க்வின்னெல் தீர்ப்பு, கண்ணுக்குத் தெரிய போதையில் இருக்கும் விருந்தினருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து, அவர் காரோட்டிப் போய் யாருக்காவது காயம் ஏற்படுத்தினால், வீட்டுக்காரரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்றது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். அப்புறம், எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது ஆனாலே, வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு இடம் இருக்கிறது. ஊபர் கட்டணத்தை விருந்துச் செலவில் ஒன்றாகவே சேர்த்துவிடுங்கள்.

யாராவது சாய்ந்துவிட்டால் தனி அறையில் விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி, ஒருவர் பக்கத்திலேயே உட்காருங்கள். உலுக்கியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம் பாரித்திருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வருகிறது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 911. எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் மட்டும்தான் என்றால் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண் 24 மணி நேரமும் இலவசம். 21 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் நண்பனுக்காக அழைத்தால், குடித்த குற்றத்துக்காக வழக்குப் போடாமல் பாதுகாக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் எங்களுக்குத் தேவையான தகவல் கொஞ்சம்தான். என்ன குடித்தார், சுமாராக எவ்வளவு, கடைசி மடக்கு எத்தனை மணிக்கு, எங்காவது விழுந்தாரா, என்ன மாத்திரை எடுக்கிறார், கஞ்சாவோ வேறு எதுவோ சேர்ந்ததா. யாரையும் காட்டிக்கொடுப்பதற்காகக் கேட்பதில்லை, தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். அவருடைய மாத்திரை டப்பாக்கள் இருந்தால் கையோடு கொடுத்தனுப்புங்கள்.