ஹைலைட்டர் வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இல்ல தாயி

போன முகூர்த்தத்துக்கு திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மண்டபத்துல சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மட்டும் எனக்கு மேக்கப் புக்கிங். காலைல தாலி கட்டுறப்போ சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு மேக்கப் போட்டு விட்ருக்கு. மத்தியானம் ரூமுக்குள்ள போறேன், கல்யாணப் பொண்ணு அழுது கண்ணு வீங்கி உக்காந்திருக்கு, போட்டோகிராபர் தம்பி கேமராவ நீட்டி "இதப் பாருங்கக்கா"ங்குறாரு. முகம் முழுக்க புளி போட்டுத் தேச்ச குத்துவிளக்கு மாதிரி இருக்கு. கழுத்து ஒரு கலர், மூஞ்சி சாம்பல் கலர், கன்னத்துல இருக்குற சின்னச் சின்னப் பரு ஒவ்வொண்ணும் தனித்தனியா மினுங்குது. போட்டு விட்ட சொந்தக்காரப் பொண்ணுகிட்ட ஏன் பாப்பா இவ்வளவு போட்டீங்கன்னு கேட்டா, "ஹைலைட்டர் போட்டா வெள்ளையா காட்டும்னு சொன்னாங்கக்கா"ங்குது. இந்த சீசன்ல இதே பதிலக் கேக்குறது நாலாவது தடவ, அதான் உக்காந்து எழுதுறேன்.

ஹைலைட்டர்ங்குற மினுக்குப் பூச்சு யாரையும் வெள்ளையாக்காது. வெள்ளையாக்குறதுக்குன்னு அதச் செய்யவும் இல்ல. அதுல இருக்குறது பெரும்பாலும் மைக்கா தூள், வெளிச்சம் பட்டா மினுங்கும், அவ்வளவுதான். மேடா இருக்குற எடத்துல வச்சா அந்த மேடு எடுப்பா தெரியும். முகம் பூரா பூசுனா எல்லாமே மினுங்கும், எதுவும் எடுப்பா தெரியாது. மாநிறத்துக்கும் கருப்புக்கும் சில்வர், ஐஸ் பிங்க் ஷேடுகள வச்சா மேல திருநீறு பூசுன மாதிரி சாம்பல் அடிக்கும். நம்மூரு நிறத்துக்கு கோல்டு, பீச், நல்ல கருப்புன்னா காப்பர், வெண்கல ஷேடு இதுதான் எடுபடும், பட்டுச்சேலை ஜரிகையோடயும் ஒத்துப்போகும். கருப்பா இருக்குற பொண்ணு மேல கோல்டு ஹைலைட்டர் நிக்கிற அழகு சிவப்பா இருக்குறவுங்களுக்கு வரவே வராது, இது 100 முகத்துக்கு மேல தொட்டுப் பாத்தவ சொல்றேன், நம்புங்க. ஆனா பொண்ணோட அம்மாவே பின்னால நின்னு "இன்னும் கொஞ்சம் வெள்ளையா போடும்மா"ன்னா நான் என்னத்தச் சொல்ல.

எங்க வைக்கணும்னு கேக்குறீங்களா, விரல வச்சு எலும்பத் தேடுங்க. சிரிச்சா உருண்டு வருதே அந்தக் கன்னத்துல இல்ல, அதுக்கு மேல கண்ணோரத்துக்குக் கீழ இருக்குற எலும்புல. அப்புறம் புருவத்துக்குக் கீழ இருக்குற எலும்புல, மேல் உதட்டு நடு வளைவுல ஒரு பொட்டு, கண்ணு உள் மூலைல ஒரு பொட்டு. மூக்கு அகலமா இருந்தா தண்டு மேல மெல்லிசா ஒரு கோடு, நுனிக்கு முன்னாடியே நிறுத்திருங்க. மூக்குத்தி பக்கம் போகவே வேணாம், கல்லே மின்னும். நெத்திக்கும் வேணாம், நெத்திச்சுட்டி இருக்கு, ஓமப்புகைல வேர்வையும் வந்துரும், மதுரை வெயிலுக்கு அது பத்தாதா.

பரு, பருத் தழும்பு, தோல்ல பெரிய துவாரம் இருக்குற எடத்துல மினுக்கு வைக்காதீங்க, எல்லாத்தையும் பெருசாக் காட்டிக் குடுத்துரும். பவுடர் போட்டு முடிச்ச மேல க்ரீம் ஹைலைட்டரத் தேய்ச்சா திட்டுத் திட்டா கெளம்பி வரும், க்ரீம்னா பவுடருக்கு முன்னாடியே வச்சிருங்க.

இன்னொன்னு, இத எழுதவே எரிச்சலா வருது. ஸ்கூல் சார்ட்டுல ஒட்டுற ஜிகினாவ கண்ணு மேல வைக்கிறாங்க, டான்ஸ் புரோகிராம்னா சின்னப் பிள்ளைகளுக்கும். அது பிளாஸ்டிக் துணுக்கும்மா, கண்ணுக்குள்ள போனா கருவிழியக் கீறிரும். போயிருச்சுன்னா கசக்காதீங்க, லென்ஸ் இருந்தா கழட்டிட்டு நல்ல தண்ணில கழுவுங்க, உறுத்தல் நிக்கலைன்னா கண் டாக்டர்ட்ட போங்க, மேக்கப் ஆர்டிஸ்டுக்கு போன் போடாதீங்க.

வாங்குறப்போ பேட்ச் நம்பரும் தயாரிப்பு லைசென்ஸ் நம்பரும் (வெளிநாட்டு சரக்குன்னா இறக்குமதி பதிவு நம்பரும்) எக்ஸ்பயரி தேதியும் இல்லாத டப்பாவ, டவுன்ஹால் ரோட்டுல எவ்வளவு மலிவா குடுத்தாலும் வச்சுட்டு வந்துருங்க. டப்பால தொறந்த மூடி படத்துல 12எம்னு போட்டிருந்தா தொறந்து 12 மாசந்தான், அக்கா கல்யாணத்துல வாங்குனது தங்கச்சி கல்யாணத்துக்கு வேணாம். புதுசுன்னா முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பாருங்க. கல்யாணத்தன்னைக்கு காலைல 4 மணிக்கு சோதிச்சுப் பாக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி மேக்கப் போட்டுப் பாக்குற ட்ரையலுக்கு வர்றப்போ ரூம் லைட்ட மட்டும் நம்பாம வாசல்ல வெயில்ல நின்னு ஒரு போட்டோ, பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. கழுத்தும் சேத்து எடுங்க.