உறைநிலையில் இருக்கும் முளையம் யாருடைய பொறுப்பு?

குழந்தைப்பேற்றுச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகள் முதலில் டொக்டரிடம் போவார்கள், அப்புறம் கோயிலுக்கு, அப்புறம் அடகுக் கடைக்கு. சட்டத்தரணியிடம் வருவது கடைசியில்தான். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் என்னைத் தேடி வருபவர்களும் காரியம் முற்றிய பிறகே வருகிறார்கள். கணவனும் மனைவியும் பிரிந்திருப்பார்கள், அல்லது ஒருவர் இறந்திருப்பார். கிளினிக்கில் முளையங்கள் மட்டும், அதாவது ஆய்வுகூடத்தில் கருமுட்டையையும் விந்தையும் சேர்த்து உருவாக்கிய கருக்கள் மட்டும், உறைநிலையில் இருக்கும்.

இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அமெரிக்காவின் அலபாமா மாநிலம் காட்டியது. 2020 டிசம்பரில் மொபைல் நகர வைத்தியசாலை ஒன்றில், நோயாளி ஒருவர் முளையங்கள் வைத்திருந்த அறைக்குள் நுழைந்து அவற்றைக் கையில் எடுத்தார். கடுங்குளிர் கையைப் பொசுக்கவே கீழே போட்டுவிட்டார். முளையங்களுக்குரிய தம்பதிகள் வழக்குப் போட்டார்கள். பிறர் தவறால் பிள்ளை இறந்தால் பெற்றோர் நட்டஈடு கேட்க இடம் தரும் 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. கருப்பைக்கு வெளியே இருக்கும் முளையமும் அந்தச் சட்டப்படி பிள்ளைதான் என்று மாநில உயர் நீதிமன்றம் 2024 பெப்ரவரி 16இல் தீர்ப்பளித்தது.

சில நாட்களிலேயே பல கிளினிக்குகள் ஐவிஎஃப் என்கிற, உடலுக்கு வெளியே முளையத்தை உருவாக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டன. ஹோர்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நடுவழியில் நின்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மார்ச் 6இல் அவசரமாக ஒரு சட்டம் வந்தது. சிகிச்சை அளிப்பவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று அது சொன்னது. முளையம் பிள்ளையா இல்லையா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. ஒட்டுப்போட்ட வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜோர்ஜியா மாநிலம் ஐவிஎஃப் பெறும் உரிமையை 2025இல் சட்டமாக எழுதிவைத்தது. கலிபோர்னியாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் காசைப் பற்றியது: பெரிய நிறுவனங்களின் ஊழியர் காப்புறுதி, மூன்று தடவை வரை கருமுட்டை எடுக்கும் செலவை ஏற்க வேண்டும். உரிமை இருந்தும் காசு இல்லாவிட்டால் அதை வைத்து என்ன செய்வது? அந்த வகையில் கலிபோர்னியாக்காரர் விவரமானவர்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் இந்தச் சிகிச்சைக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகப்பன் யார் என்ற தகராறு வந்தால் நாங்கள் புரட்டுவது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தைத்தான். திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முடிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போதோ பிறக்கும் பிள்ளை அந்தக் கணவனுடையது என்கிறது அதன் 112ஆம் பிரிவு. கணவன் ஆண்மையற்றவர் என்றோ, கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் மனைவியை நெருங்க வாய்ப்பே இருக்கவில்லை என்றோ நிரூபித்தால் அந்த அனுமானம் உடையும். தானமாகப் பெற்ற விந்தில் பிறந்த பிள்ளையின் சொத்துப் பங்கைப் பறிக்க நினைக்கும் சித்தப்பாவுக்கு இது போதும். இன்னொன்று: கணவன் இறந்து ஒரு மாதம் கழித்து முளையத்தைக் கருப்பையில் வைத்தால், பிள்ளை பெரும்பாலும் 280 நாள் தாண்டித்தான் பிறக்கும். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது.

இந்த நிலையில் உங்கள் கையில் இருப்பது கிளினிக் நீட்டும் ஒப்புதல் படிவம் ஒன்றுதான். பலர் அதை வாசிப்பதே இல்லை. நேர்ஸ் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பிரிந்தால் முளையங்களை என்ன செய்வது, ஒருவர் இறந்தால் மற்றவர் பயன்படுத்தலாமா, சேமிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் எத்தனை மாதத்தில் அழிப்பார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் விளக்கம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகிறவர்கள் கவனிக்க: இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சை பெறப் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது, முளையத்தை ஆகக்கூடியது பத்து வருடம்தான் வைத்திருக்கலாம்.

கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தருகிற கிளினிக்கை நான் அதிகம் கண்டதில்லை.