அந்தப் பூண்டு எண்ணெய் பாட்டிலைப் பற்றி

"அக்கா, உங்களுக்குன்னே தனியா எடுத்து வச்சேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தாள். கார்க் அடைத்த கண்ணாடி பாட்டில், கழுத்தில் சணல் முடிச்சு. உள்ளே உரித்த பூண்டுப் பல் இருபது இருபத்தைந்து, நடுவில் ஒரு ரோஸ்மேரிக் கொத்து, கழுத்து வரைக்கும் ஆலிவ் எண்ணெய். பார்க்க அத்தனை அழகு. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஒரு பல்லின் மேல் கடுகளவு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலைச் சாய்த்ததும் மெல்லக் கழன்று மேலே போயிற்று.

"எப்பம்மா போட்டது?"

"மூணு வாரம் ஆச்சுக்கா. அடுப்பு மேடையிலயேதான் இருந்துச்சு. நல்லா ஊறியிருக்கும்."

"ஃபிரிட்ஜ்ல வைக்கலையா?"

"எண்ணெய்லதானக்கா இருக்கு!"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். உணவு நுண்ணுயிரியல் என் பிழைப்பு. இந்த வருஷம் எனக்கு அன்பாக வந்து சேர்ந்த நாலாவது பாட்டில் இது. கொடுத்த நாலு பேரும் விவரம் தெரிந்தவர்கள், சுத்தம் பார்ப்பவர்கள். நாலு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: எண்ணெயில் மூழ்கி இருக்கிறது, காற்றே படாது, எப்படிக் கெடும்?

காற்று படாது. அதுதானே பிரச்சினையே!

கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். உணவு கெட்டுப்போவது என்றால் நமக்குக் கண்ணில் படுவது பூஞ்சைதான். பச்சையாய், வெள்ளையாய், பஞ்சு போலப் படரும். அதற்குக் காற்று வேண்டும். எண்ணெய் ஊற்றி மூடினால் பூஞ்சை வராது. அதைப் பார்த்துவிட்டு எண்ணெய் காப்பாற்றுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதற்குக் காற்று இருந்தால் ஆகாது. மண்ணில் ஸ்போராக, அதாவது கெட்டியான ஓட்டுக்குள் சுருண்ட விதை மாதிரி, வருஷக்கணக்கில் தூங்கும். பூண்டு விளைவது மண்ணுக்குள். கீரை, மூலிகை, காளான், கிழங்கு என்று மண்ணோடு உறவுள்ள எதன் மேலும் அது ஒட்டிக்கொண்டு வரலாம். கழுவினாலும் முழுக்கப் போகாது. வெளியே காற்றில் கிடக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே தின்றாலும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதைக் கொண்டுபோய் எண்ணெய்க்குள் அமுக்குகிறீர்கள். எண்ணெயில் தண்ணீர் இல்லை, சரி. பூண்டில் இருக்கிறதே! ஒரு பல்லின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். புளிப்பும் இல்லை. அடுப்பு மேடையின் கதகதப்பு வேறு. காற்று வராமல் கதவையும் நீங்களே சாத்திக் கொடுத்தாயிற்று. அது விழித்துக்கொண்டு பெருகி நச்சை உண்டாக்க இன்னும் என்ன வேண்டும்? எண்ணெய் ஒரு மூடி, அவ்வளவுதான். உணவைக் காப்பது புளிப்பு, உப்பு, உலர்வு, குளிர், இந்த நாலில் ஏதாவது ஒன்று. அந்தப் பட்டியலில் எண்ணெய் கிடையாது. எந்த எண்ணெயாக இருந்தாலும், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஒருவர் ஆலிவ் எண்ணெய் பாட்டிலின் லேபிளையே என் முன்னால் நீட்டினார். "பாருங்க மேடம், அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள்ளன்னு போட்டிருக்கு. அமிலம் இருந்தா கிருமி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" சிரிக்கவும் முடியவில்லை. அந்த எண், எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு. எண்ணெய் எவ்வளவு தரம் என்று சொல்வதற்காகப் போடுவது. அது தண்ணீரில் கரையாது, பூண்டுக்குள் போகாது, பூண்டைப் புளிக்க வைக்காது. நாங்கள் பார்ப்பது உணவுக்குள் இருக்கும் நீரின் பி.எச். அளவை, அதாவது புளிப்பைச் சொல்லும் எண்ணை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6-க்கு மேல் இருந்தால் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். பூண்டு, காளான், மிளகாய், கத்திரிக்காய் எல்லாம் அதற்கு மேலேதான்.

"மேலாப்புல எலுமிச்சை பிழிஞ்சிருக்கேன்" என்பார்கள். எலுமிச்சைச் சாறு எண்ணெயோடு கலக்குமா? அடியில் போய்த் தனியாக நிற்கும். உப்புத் தூவினாலும் அதே கதிதான், எண்ணெயில் உப்பு கரையாது. "பூண்டே கிருமிநாசினிதானே" என்பது அடுத்தது. சில கிருமிகளுக்கு இருக்கலாம். இந்தக் கிருமிக்கு அது வீடு.

இப்போது எல்லோரும் செய்வது, பூண்டை எண்ணெயோடு மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைத்து, வெண்ணெய் மாதிரி ஆனதும் அப்படியே சாடியில் ஊற்றி அலமாரியில் வைப்பது. வேகவைத்துவிட்டோமே, இனி என்ன பயம் என்று நினைப்பு. எண்ணெய் 130 டிகிரி காட்டும். பல்லுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் உள்சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்த ஸ்போர் 100 டிகிரிக்கு அசையாது. அதைக் கொல்ல 121 டிகிரி ஈரச்சூடு, அழுத்தத்தில், 3 நிமிஷம் வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. அதை வீட்டுக் குக்கரில் எண்ணெய்ச் சாடிக்குச் செய்துபார்க்கலாமா என்று கேட்காதீர்கள். எண்ணெயில் சூடு பரவும் விதமே வேறு, வீட்டில் செய்யத்தக்க சோதித்த முறை எதுவும் இல்லை. நீங்கள் வேகவைத்ததில் செத்தது அதற்குப் போட்டியாக இருந்த மற்ற கிருமிகள்தான்.

எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு, இந்த நச்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோய் வந்தது. காரணம், சோயா எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்கவேண்டும் என்று பாட்டிலில் எழுதியிருந்தது, யாரும் வைக்கவில்லை. 1989-ல் நியூயார்க் மாநிலத்தில் இன்னும் மூன்று பேர், இந்த முறை சாட்சாத் ஆலிவ் எண்ணெய். அதன் பிறகுதான் கடையில் விற்கும் பூண்டு எண்ணெயில் அமிலம் சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் உத்தரவு வந்தது. ஆக, "கடையில விக்கிறானே, அது மட்டும் சரியா?" என்ற கேள்விக்கும் பதில் இதுதான்.

2023 செப்டம்பரில் பிரான்ஸின் போர்தோ நகரில் ஓர் உணவகத்தில் தாங்களே சாடியில் பதப்படுத்திய மத்தி மீனைப் பரிமாறினார்கள். சில சாடிகளில் நாற்றம் வந்ததால் கொட்டிவிட்டு, நன்றாக இருந்தவற்றை மட்டும் கொடுத்தார்கள் என்று செய்தி. ஒரு பெண் இறந்துபோனார், பத்துப் பேருக்கு மேல் இதே நோயில் விழுந்தார்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும். இந்த நச்சுக்கு மணம் இல்லை, ருசி இல்லை, நிறம் இல்லை. நாக்கில் தொட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. தொட்டுப் பார்க்கும் அளவே போதும் அதற்கு.

நோய் பெரும்பாலும் 12-லிருந்து 36 மணி நேரத்துக்குள் தெரியும். சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும், அதற்குள் பூண்டு எண்ணெய் மறந்தே போயிருக்கும். இமை தொங்கும். ஒன்று இரண்டாகத் தெரியும். வாய் வறண்டு நாக்குக் குழறும், விழுங்க முடியாது. பிறகு பலவீனம் மேலிருந்து கீழே இறங்கிக் கை, நெஞ்சு, கால் என்று வரும். காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். பக்கவாதம் என்றே எண்ணத் தோன்றும். இப்படி இருந்தால் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு உட்காராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அது மேற்கொண்டு பரவாமல் தடுக்கும், செயலிழந்த நரம்பை எழுப்பாது. அது தானாக மீள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை மூச்சுக்கு மெஷின்.

சரி, வேண்டவே வேண்டாமா? தாராளமாகச் செய்யுங்கள், கொஞ்சமாகச் செய்யுங்கள். பச்சைப் பூண்டு, மூலிகை, காய், காளான் எதையும் எண்ணெயில் போட்டால் செய்த கையோடு ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குள் வைத்து, 4 நாளில் தீர்த்துவிடுங்கள். மூடியில் தேதி எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். ஃபிரிட்ஜ் அதைக் கொல்லாது, தாமதப்படுத்தும், அவ்வளவே. இந்தக் கிருமியில் ஒரு வகை 3 டிகிரியிலேயே மெதுவாக வளரும். அதிகம் செய்துவிட்டால் சின்னச் சின்னக் கட்டிகளாக ஃப்ரீசரில் போடுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். குளிரில் ஆலிவ் எண்ணெய் கலங்கி வெள்ளையாக உறையும். அது கெட்டதல்ல, வெளியே வைத்தால் தானே உருகும். அதைக் கண்டு பயந்து பாட்டிலை மறுபடி மேடைக்குக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலமாரியில் வைத்தே தீரவேண்டும் என்றால் முழுக்க உலர்ந்த மூலிகையை, உலர்ந்த பூண்டைப் போடுங்கள். ஒடித்தால் சடக்கென்று ஒடியவேண்டும், வளையக் கூடாது. வெயிலில் உலர்த்திய தக்காளி எண்ணெயில் நிற்கும், ஆனால் வாசனைக்கு என்று அதில் ரெண்டு பச்சைப் பூண்டைத் தட்டிப் போட்டால் பழைய கதைக்கே வந்துவிட்டீர்கள். பூண்டைப் பொடியாக நறுக்கி 3 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில், ஒரு பங்கு பூண்டுக்கு மூன்று பங்கு கரைசல் என்ற எடையில், 24 மணி நேரம் ஊறவைத்து வடித்து, பிறகு எண்ணெயில் போடும் முறை ஒன்றைச் சோதித்து வைத்திருக்கிறார்கள். தராசு வைத்து அளப்பவர்கள் மட்டும் செய்யுங்கள். கைப்பக்குவம் இதற்கு உதவாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பாட்டிலை என்னிடம் கொண்டுவந்து "டெஸ்ட் பண்ணித் தாங்க" என்று நிற்காதீர்கள். இந்த நச்சைக் கண்டுபிடிக்கக் காலங்காலமாகப் பெரும்பாலும் சுண்டெலியில் ஊசி போட்டுத்தான் பார்க்கிறார்கள், எல்லா ஆய்வகத்திலும் செய்வதில்லை. சந்தேகமா, திறக்காமல் இரண்டு பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் சேருங்கள். எண்ணெய் விலையை நினைத்துக்கொண்டு தாளிப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்தாள். "அக்கா, இதே மாதிரி இன்னும் ஆறு பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஃபோன் போட்டோம். ஐந்து பேர் எடுத்தார்கள். ஆறாவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டாள்.