ஈரினக் கட்டி: ‘மினென்’ என்ற சொல்லுக்கு விளக்கம்

காரைக்குடியில் உறவினர் வீட்டுக்கு வந்த பயாப்சி அறிக்கையைப் படித்துவிட்டு, “அப்பச்சிக்குப் பெருங்குடலில் கலப்புக் கட்டியாம்” என்று மகன் சொன்னபோது, ஆத்தா கேட்டது ஒன்றே: “எதோட எது கலந்துருக்கு?” அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

அறிக்கையில் இருந்த ‘மினென்’, ‘மிக்ஸ்டு நியூரோஎண்டோகிரைன் நான்-நியூரோஎண்டோகிரைன் நியோபிளாசம்’ என்பதன் சுருக்கம். இதில் ‘நியூரோ’ நரம்பையும், ‘எண்டோ’ உள்ளிருப்பதையும், ‘கிரைன்’ பிரித்தெடுப்பதையும், ‘நியோபிளாசம்’ புதிதாய் உருவானதையும் குறிக்கும் கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. நரம்பணுவின் சாயலோடு, நாளமின்றி இரத்தத்தில் சுரக்கும் தன்மையும் உடைய அணுக்கள் ஒரு கூறு. மறு கூறு பெரும்பாலும் குடலின் வழக்கமான சுரப்பிப் புற்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வகைப்பாட்டில் ‘மானெக்’ (இதன் இறுதி எழுத்து ‘கார்சினோமா’, அதாவது புற்று) என்றிருந்த பெயர், இரு கூறுகளும் எப்போதும் கொடியவையாக இருப்பதில்லை என்பதால், 2019இல் செரிமான உறுப்புகளுக்கு ‘மினென்’ என மாறியது. ஒவ்வொரு கூறும் குறைந்தது 30 விழுக்காடு இருந்தால்தான் இப்பெயர் பொருந்தும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லில் அச்சின் அறைகளுக்குள் தனித்தனியே ஊற்றிய வண்ணங்கள் அருகருகே நின்றுவிடும்; தனித்தனியே தோன்றிய இரு கட்டிகள் அவ்வாறு ஒட்டிக்கொண்டால் அது ‘மோதற்கட்டி’, மினென் அன்று. மினெனில் இரு கூறுகளும் பெரும்பாலும் ஒரே மூல அணுவிலிருந்து கிளைத்தவை என்றே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

‘கலப்புக் கட்டி’ என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை, ஏனெனில் அது கலப்படத்தை நினைவூட்டுவதோடு எத்தனை இனம் என்பதையும் மறைத்துவிடுகிறது. ‘இருகூற்றுக் கட்டி’ இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘கூற்று’ யமனையும் குறிக்கும், அதை நோயாளியின் காதில் போட மனம் வரவில்லை. ஆகவே ‘நரம்புநாளமில் ஈரினக் கட்டி’, சுருக்கமாக ‘ஈரினக் கட்டி’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.

அகநோக்கி (எண்டோஸ்கோப்) வழியே கிள்ளியெடுக்கும் சிறு துணுக்கில் ஓர் இனம் மட்டுமே அகப்படக்கூடும் என்பதால், அறுவையில் எடுத்த முழுக் கட்டியைச் நரம்புநாளமில் அணுக்களில் இருக்கும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற புரதங்களைக் காட்டும் சாயங்களால் சோதித்த பின்னரே பல நேரங்களில் உண்மை தெரிகிறது. பரவாத கட்டிக்கு அறுவையே முதன்மை. பரவியிருந்தால் மருந்தைப் பொதுவாக மூர்க்கமான கூறே முடிவுசெய்யும்: நரம்புநாளமில் புற்று ஓங்கினால் பிளாட்டினம் சார்ந்த புற்று மருந்தும் எட்டோபோசைடு என்ற மருந்தும், சுரப்பிப் புற்று ஓங்கினால் பெருங்குடற் புற்றுக்குரிய மருந்துகளும் தரப்படுகின்றன. ஈரலுக்குப் பரவியது எந்த இனம் என்பதை அறிய, அங்கிருந்தும் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.